கடலில் யந்திரம், கிணற்றில் யந்திரம்

(பாலக்கோட்டில் ஐக்கிய சங்க அங்கத்தினர் முன்னிலையில் செய்த பிரசங்கம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மீன்பிடி படகுகளில் யந்திரங்களும் மின்கருவிகளும் புகுந்த வரலாறும், அவற்றைக் கையாளுதற்கு நம் நாட்டு மீனவர்கள் கற்றுக்கொண்ட விதமும் ஆகும். பாலக்கோட்டிலிருந்து எத்திசையிற் சென்றாலும் கடலை அடைய நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்யவேண்டும். கரும்பும் தக்காளியும் மாவும் பட்டுப்பூச்சியும் வளர்த்து ஜீவிக்கும் நமக்குக் கடற்படகின் யந்திரத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆகையால் முதலில் அதற்குச் சமாதானம் கூறிவிட்டுப் பிறகு விஷயத்திற்குச் செல்கின்றேன்.

நம் பெரியோர் காலத்தில் கபிலை பூட்டி இறைத்த கிணறுகளில் இன்று மின்மோட்டார்கள் நிற்கின்றன. அவற்றோடு மின்கருவிகளும் வந்துவிட்டன. கைப்பேசியில் அழைத்தால் ஓடவும் நிற்கவும் செய்யும் ஸ்டார்ட்டர்களும், மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரை ஓட்டும் ஆட்டோ சாதனங்களும், சூரிய ஒளியால் இயங்கும் பம்புகளும் நம் தோட்டங்களில் உள்ளன. கடலில் அவுட்போர்டு யந்திரத்தைக் கண்டு ஒரு மீனவன் எந்த ஆசையும் எந்த அச்சமும் கொண்டானோ, அதே ஆசையும் அச்சமும் நமக்கும் உண்டு. அவனுடைய லாப நஷ்டங்கள் நமக்குப் பாடமாகும். அன்றியும், கடலில் தவறு செய்தவன் உடனே அதன் பலனை அனுபவிக்கின்றான். கரையில் நாம் செய்யும் தவறு மெதுவாகத்தான் வெளிப்படும். ஆகவே கடலின் பாடம் தெளிவானது.

மற்றொரு காரணமும் உண்டு. இந்நாட்டில் ஐக்கிய நாணய இயக்கத்திற்கு வித்திட்டவருள் ஒருவர் பிரெடரிக் நிக்கல்சன். சென்னை ராஜதானியில் குடியானவர்களின் கடன் தொல்லையை ஆராய்ந்து, ஜெர்மனியின் ரெய்பைசன் முறையைப் பின்பற்றிய சங்கங்கள் வேண்டுமென்று 1895-லும் 1897-லும் அவர் அறிக்கைகள் வெளியிட்டார். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்திற்கு அவை ஆதாரமாயின. அவ்வருஷமே திரூரில் கிராமச் சங்கமும் தோன்றிற்று. அதே நிக்கல்சன் பிறகு மீன்பிடி விஷயத்தை ஆராயத் தொடங்கி, 1907-இல் அமைந்த சென்னை மீன் இலாகாவின் முதல்வரானார். குடியானவனுடைய கடனையும் மீனவனுடைய கடனையும் அவர் வேறுவேறாகக் கருதவில்லை. நாமும் அவ்வாறு கருதவேண்டியதில்லை.

முதல் முயற்சிகள்

யந்திரத்தைக் கடலுக்குக் கொண்டுவருவது எளிது. கடலோடியினிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிதன்று. சென்னை சர்க்கார் 1927-இல் லேடி கோஷன் என்னும் நீராவி மீன்பிடிக் கப்பலைக் கொண்டு ஆழ்கடலில் ஆராய்ச்சி நடத்தியது. அதனால் மீன் கிடைக்கும் இடங்களைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்தன. ஆனால் கட்டுமரத்தில் சென்றவனுடைய தொழில் அதனால் உடனே மாறிவிடவில்லை.

1952-இல் இந்தியாவும் நார்வே தேசமும் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1953 முதல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் வேலை தொடங்கிற்று. நார்வே நிபுணர்கள் முதலில் உள்ளூர் வள்ளங்களிலேயே சிறு டீசல் யந்திரங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். அது நன்கு பலிக்கவில்லை. மணற்கரையில் அலையை மோதிக்கொண்டு ஏறி இறங்கும் வள்ளத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டும் விசிறியும் எவ்வாறு நிலைக்கும்? ஆகவே துறைமுகத்தில் நிற்கக்கூடிய புதுப்படகுகளை அவர்கள் கட்டினார்கள். அப்படகுகள் நாளடைவில் இறால் பிடிக்கும் இழுவைப் படகுகளாயின. சென்னை ராஜ்யத்திலும் அக்காலத்தே சர்க்கார் ஆதரவில் விசைப்படகுகள் பெருகத் தொடங்கின.

இதனால் செல்வம் பெருகிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கரையோரத்தில் கட்டுமரத்தால் பிழைத்தவர்களுடைய வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துச் சென்றன. சண்டைகள் மூண்டன. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறிற்று. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யலாகாது என்று விதி ஏற்பட்டது. யந்திரம் ஒருவன் கையிற் சேர்ந்து மற்றவன் கையிற் சேராவிடில் கிராமம் இரண்டாகப் பிளவுபடும் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை. ஆழ்துளைக் கிணறு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே நம் பக்கத்தில் நேர்வதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிறியவனுக்குரிய யந்திரம்

கன்னியாகுமரி ஜில்லாவில் முட்டம் என்னும் கடற்கரை ஊர் இருக்கின்றது. வள்ளத்திற்கும் கட்டுமரத்திற்கும் வேண்டிய பெருமரங்கள் கிடைப்பது அரிதாகிவந்த காலத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தார் அங்கே படகு கட்டும் தொழிற்சாலை ஒன்றை அமைத்து, ஒட்டுப்பலகையால் சிறு படகுகள் செய்ய முற்பட்டனர். அம்முயற்சியில் ஈடுபட்ட பியேர் கில்லே என்னும் நிபுணர் தம் அநுபவத்தை 1985-இல் ஒரு நூலாக எழுதினார். சிறியது கடினமானது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். பெரிய கப்பலைக் கட்டுவதினும், ஏழை மீனவன் விலைகொடுத்து வாங்கித் தானே பழுதுபார்க்கக்கூடிய சிறு படகைக் கட்டுவது கடினம் என்பதை அப்பெயரே உணர்த்தும்.

இத்தகைய படகுகளுக்கு அவுட்போர்டு யந்திரம் ஏற்றதாயிருந்தது. அது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டப்படுவது. கரை நெருங்கும்போது மேலே தூக்கிவிடலாம். கரை சேர்ந்ததும் கழற்றித் தோளிற் சுமந்து வீட்டிற்குக் கொண்டுசெல்லலாம். நார்வே நிபுணர்களைத் திகைக்கவைத்த அலையும் மணலும் இதற்குத் தடையாகவில்லை. 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த வங்காள விரிகுடாத் திட்டத்தாரும் இதே உண்மையைக் கண்டு, டீசல் யந்திரத்தையும் அதன் தண்டையும் மேலே சாய்த்துக்கொள்ளும் வகையில் கரையேறும் படகுகளை அமைத்தார்கள். யந்திரத்திற்காகக் கரையை மாற்றாமல் கரைக்காக யந்திரத்தை மாற்றியபோதுதான் காரியம் சித்தித்தது.

இனி, இவ்யந்திரங்களை வாங்கவும் பழுதுபார்க்கவும் யார் துணைநின்றனர்? 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் அமைந்தது. கிராமத்துச் சங்கம் அடிப்படை. கிராமச் சங்கங்கள் சேர்ந்து ஜில்லா சம்மேளனம். அவற்றின் மேல் தலைமைச் சம்மேளனம். உறுப்பினருடைய மீனைக் கரையிலேயே சங்கம் ஏலமிடும். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடித்துக்கொள்ளப்படும். மீன் அதிகம் கிடைத்த நாளில் அதிகமும், குறைந்த நாளில் குறைவும், கிடைக்காத நாளில் ஒன்றுமில்லாமலும் கடன் அடையும். இச்சம்மேளனம் யந்திரங்களைத் தருவித்து விற்றதோடு நின்றுவிடவில்லை. அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் கடற்கரையில் அமைத்தது. விற்பவனே பழுதுபார்ப்பவனாகவும், பழுதுபார்ப்பவனே சொல்லிக்கொடுப்பவனாகவும் இருந்ததில் பெரும் நன்மை உண்டாயிற்று.

யந்திரத்தின் சுபாவம்

மீனவன் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தவை யாவை? பெரும்பாலும் சிறு விஷயங்களே. ஆனால் ஒவ்வொன்றும் உயிரும் பொருளும் சம்பந்தப்பட்டது.

முதலாவது, குளிர்நீர். அவுட்போர்டு யந்திரம் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அந்நீர் ஒரு சிறு துவாரத்தின் வழியே கம்பிபோல் வெளியே பாயும். அத்தாரை நின்றால் உள்ளே உள்ள ரப்பர்ச் சக்கரம் தேய்ந்துவிட்டது, அல்லது மணலோ பிளாஸ்டிக் தாளோ வழியை அடைத்துவிட்டது என்று அறிந்து உடனே யந்திரத்தை நிறுத்தவேண்டும். அதைக் கவனியாமல் ஓட்டினால் உருளையும் தண்டும் சூட்டில் இறுகிவிடும். ஒரு பார்வை ஒரு யந்திரத்தைக் காப்பாற்றும்.

இரண்டாவது, உப்பு. கரை சேர்ந்தபின் நன்னீர் விட்டு யந்திரத்தின் உட்புறத்தைக் கழுவவேண்டும். யந்திரத்தின் கால்ப் பகுதியில் ஒரு துத்தநாகத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். கடல்நீரில் அலுமினியம் அரிக்கப்படுவதற்கு முன் துத்தநாகம் கரைந்து அதைக் காக்கும். தேய்ந்துபோன துண்டைக் கண்டு யந்திரம் பழுதாயிற்றென்று எண்ணுவது அறியாமை. அது தன் கடமையைச் செய்தது என்பதே பொருள். உடனே புதிது மாட்டவேண்டும்.

மூன்றாவது, எண்ணெய். மண்ணெண்ணெயில் ஓடும் யந்திரத்தைப் பெட்ரோலால் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மீண்டும் சற்று நேரம் பெட்ரோலில் ஓட்டவேண்டும். இல்லையேல் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் யந்திரம் கிளம்பாது. கரையில் கிளம்பாவிட்டால் ஒரு நாட்கூலி நஷ்டம். நடுக்கடலில் நிறுத்தியபின் கிளம்பாவிட்டால் நிலைமை வேறு.

நான்காவது, விசிறியைத் தண்டோடு சேர்க்கும் சிறு முளையாணி. பல யந்திரங்களில் இது மெல்லிய உலோகத்தால் வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்கும். விசிறி பாறையிலோ மரக்கட்டையிலோ மோதினால் இம்முளை முறியும்; விசையைக் கடத்தும் பற்சக்கரங்கள் தப்பிக்கும். அடிக்கடி முறிகின்றதே என்று வெறுத்து, அதற்குப் பதில் கெட்டியான இரும்பு ஆணியை அறைந்துவிடுவதும் உண்டு. ஆணி முறியாது, அடுத்த மோதலில் சில ரூபாய் முளைக்குப் பதிலாகப் பல்லாயிரம் ரூபாய் பற்சக்கரப் பெட்டி உடையும்.

சகோதரர்களே, இந்த நான்காவது விஷயத்தைச் சற்று நின்று ஆலோசியுங்கள். நம் தோட்டங்களில் பியூஸ் அடிக்கடி போகின்றது என்று மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றிவிடுகின்றோமே, அதற்கும் இதற்கும் என்ன பேதம்? மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் சாதனத்தை நீக்கிவிட்டு, கன்டென்சர் மாட்டி இரு முனையில் ஓட்டுகின்றோம். மின்னழுத்தம் குறையும்போது அதே பாரத்தை இழுக்க மோட்டார் அதிக மின்னோட்டத்தை வாங்கும், சுருள் சூடேறும், இறுதியில் கருகும். பிறகு காயில் கட்டும் பட்டறையில் மோட்டாரை இறக்கிவிட்டுப் பயிர் வாடுவதைப் பார்த்திருப்போம். சில பாகங்கள் கெடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவை கெடுவது தோல்வியன்று. அவை கெடாதபடி நாம் செய்வதே தோல்வி. யந்திரக் கல்வியின் முதற் பாடம் இதுவெனக் கூறலாம்.

திசை காட்டும் கருவிகள்

யந்திரத்திற்குப் பின் மின்கருவிகள் வந்தன. அவற்றுள் தலையானது ஜி.பி.எஸ். பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தத்தம் கடிகார நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கையிலுள்ள கருவி, நான்கு கோள்களின் செய்திகள் வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கணித்துத் தான் இருக்கும் இடத்தை அறியும். அச்செய்தி ஒளியின் வேகத்தில் வருவதால், பத்துலட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினாலும் இடம் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு நுட்பமான கணக்கு.

இக்கருவிக்கு முன் மீனவன் இடமறியாமல் இருந்தானா? இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் கணிச்சம் என்னும் முறை வழங்கிவந்தது. கரையிலுள்ள ஒரு மலையும் ஒரு கோயிற் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரியவேண்டும். வேறொரு திக்கில் வேறிரண்டு அடையாளங்கள் நேர்கோட்டில் தெரியவேண்டும். அவ்விரு கோடுகளும் சந்திக்கும் இடத்தின் அடியில் மீன் தங்கும் பார் இருக்கும். நில அளவையாளர் கருவிகொண்டு செய்வதை எழுத்தறியாத கடலோடி கண்ணால் செய்தான். தந்தை மகனுக்கு மட்டுமே கணிச்சத்தைச் சொல்லிவைத்த குடும்பங்களும் உண்டு.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் வரையில், அமெரிக்க சர்க்கார் பொதுமக்களுக்குரிய ஜி.பி.எஸ். செய்தியை வேண்டுமென்றே பிசகச் செய்திருந்தது. அதனால் இடம் சுமார் 100 மீட்டர்வரை தவறக்கூடும். சிறிய பாரைத் தேடுபவனுக்கு அது போதாது, கணிச்சமே மேலாயிருந்தது. 2000-ஆம் வருஷம் மே முதல் வாரத்தில் அத்தடை நீக்கப்பட்டபின், பிசகு 20 மீட்டருக்குள் குறைந்தது. பனிமூட்டத்திலும் இரவிலும், கரை தெரியாத ஆழத்திலும் வேலை செய்வதால் கருவி விரைவில் பரவிற்று.

ஆயினும் அதற்குத் தெரியாதவை பல. இரண்டு புள்ளிகளுக்கு இடையே அது நேர்கோடு காட்டும். அக்கோட்டில் பாறை இருக்கின்றதா என்று பாராது. கச்சான் காற்று வலுக்கின்றதா, நீரோட்டம் மாறிற்றா என்று அதற்குத் தெரியாது. மின்கலம் தீர்ந்தால் அது வெறும் பெட்டி. ஆகையால் நல்ல தண்டல்காரன், கிளம்பும்போதே கரையின் இடத்தைக் கருவியில் குறித்துக்கொள்வான். அதே எண்களை ஒரு காகிதத்திலும் எழுதிக்கொள்வான். கணிச்சத்தையும் மகனுக்குக் கற்பிப்பான். பாக் ஜலசந்தியிலும் மன்னார் வளைகுடாவிலும் 1974, 1976-ஆம் வருஷத்து ஒப்பந்தங்களால் வரையப்பட்ட இந்திய-இலங்கை எல்லைக்கோடு நீரில் தெரிவதில்லை. அங்கே இக்கருவியைப் படிக்கத் தெரிவதும் தெரியாததும் வீடு திரும்புவதற்கும் சிறைப்படுவதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடலாம்.

அடுத்தது எக்கோ சவுண்டர். முன்னாளில் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் அறிந்தார்கள். இக்கருவி ஒலியை அடித்தளத்திற்கு அனுப்பி எதிரொலியைக் கேட்கின்றது. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். போய்த் திரும்பப் பத்தில் ஒரு பங்கு விநாடி ஆயிற்றென்றால் ஆழம் 75 மீட்டர், அதாவது சுமார் 41 பாகம். நடுவில் மீன்கூட்டம் இருந்தால் அதுவும் திரையில் தெரியும். ஆனால் மீனுக்கும் நீர்க்குமிழிக்கும் சேற்றிற்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் பிரித்தறியப் பல மாத அப்பியாசம் வேண்டும். கருவியை விலைக்கு வாங்கலாம். அப்பியாசத்தை விலைக்கு வாங்க முடியாது.

மூன்றாவது வயர்லெஸ். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. தாழ்ந்த இரு சிறு படகுகளுக்கிடையே சுமார் 10 கிலோமீட்டர் எட்டும்; கரையில் உயர்ந்த கோபுரம் இருந்தால் அதிலும் அதிகம் எட்டும். பதினாறாவது சானல் ஆபத்துக் கூப்பீட்டிற்கு உரியது. அதில் வீண்பேச்சுப் பேசலாகாது என்பது சர்வதேச விதி. கரையிலிருந்து தொலைபேசியில் 1554 என்ற எண்ணை அழைத்தால் இந்தியக் கடலோரக் காவற்படையின் உதவி கிடைக்கும்.

ஒக்கிப் புயலின் பாடம்

2017-ஆம் வருஷம் நவம்பர் 29-ஆம் நாள் குமரிக் கடற்கரையிலிருந்து சிறு வள்ளங்கள் வழக்கம்போல் தொழிலுக்குச் சென்றன. மறுநாள் தாழ்வு மண்டலம் வெகுவேகமாகப் புயலாக மாறிற்று. ஒக்கி என்பது அதன் பெயர். தூத்தூர் முதலிய கிராமங்களின் தூண்டில் படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தன. அவர்களிடம் நல்ல யந்திரம் இருந்தது, ஜி.பி.எஸ். இருந்தது, எக்கோ சவுண்டரும் இருந்தது. வயர்லெஸ் எட்டும் தூரத்தையும் கைப்பேசி எட்டும் தூரத்தையும் அவர்கள் எப்பொழுதோ கடந்திருந்தார்கள். மீன் எங்கே என்று சொல்லும் கருவிகள் படகில் இருந்தன; புயல் வருகின்றது என்று சொல்லும் கருவி இல்லை. பலர் திரும்பவில்லை.

அப்பெருந்துயரத்திற்குப் பின், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் மூலம் எச்சரிக்கை பெறும் கருவிகள் மீனவர்க்கு வழங்கப்பட்டன. முதலில் வந்தவை செய்தியைப் பெறமட்டுமே கூடியவை. படகிலிருந்து மறுமொழி அனுப்ப இயலாது. 2023-இல், இருபுறமும் செய்தி அனுப்பத்தக்க கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் அங்கீகரித்தது.

சம்பாதிக்க உதவும் கருவியை நாம் விரைந்து வாங்குகின்றோம். பாதுகாக்கும் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்கின்றோம். இது கடலுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும் சாதனத்தைப் பொருத்தினவர்கள், கிணற்றில் இறங்கிப் பழுதுபார்க்கும்போது பியூஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற விதியை எத்தனை வீடுகளில் அனுசரிக்கின்றனர்? ஆள் உள்ளே இருக்கும்போது மின்சாரம் திரும்பி வந்தால் அச்சாதனம் ஆளைப் பாராது. நில இணைப்புக் கம்பி அறுந்துபோன மோட்டாரை எத்தனை பேர் ஈரக்கையால் தொடுகின்றோம்? இவற்றை இன்றிரவே வீட்டிற்குச் சென்று பார்க்கும்படி பிரார்த்திக்கின்றேன்.

எண்ணெய்க் கணக்கும் விலைக் கணக்கும்

யந்திரம் வந்ததும் துடுப்புக்கும் பாய்க்கும் இல்லாத ஒரு செலவு வந்தது. அது எண்ணெய். காற்றுக்கு யாரும் விலை கொடுத்ததில்லை. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எண்ணெய்க்கு விலை கொடுத்தே ஆகவேண்டும். நீரைத் தள்ளிச் செல்லும் படகிற்கு வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடியை ஒட்டி உயரும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மணிக்கு வேண்டிய எண்ணெய் 100-க்கு 73 ஆகும். பிரயாணம் சற்று நீளுவதைக் கூட்டினாலும், போய்வர ஆகும் மொத்த எண்ணெய் 100-க்கு 81 தான். ஒரு மணி நேரப் பிரயாணத்தில் ஏழு நிமிஷம் தாமதிக்கச் சம்மதிப்பவனுக்கு எண்ணெயில் ஐந்திலொரு பங்கு மிச்சம். இக்கணக்கை அறிந்தவன் முதலில் கரை சேரும் பந்தயத்தில் பணத்தை எரிக்கமாட்டான்.

கருவியால் கிடைத்த நன்மை ஒன்றையும் சொல்லவேண்டும். வட கேரளத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையே கைப்பேசி பரவியபோது மத்தி மீன் சந்தைகளில் நேர்ந்ததை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். அதற்குமுன் ஒரு கரையில் வாங்குவோரின்றி மீன் கொட்டப்படும். அதே நாளில் அடுத்த கரையில் மீனின்றி வாங்குவோர் திரும்பிச் செல்வர். கடலிலிருந்தே விலை கேட்டறிய முடிந்தபின் அவ்வாறு கொட்டுவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது என்று அவர் கணித்தார். தக்காளி விலை வீழ்ந்த நாளில் பழத்தைச் சாலையோரத்தில் கொட்டிச் செல்லும் துயரத்தை அறிந்த பாலக்கோட்டாருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கைப்பேசி எல்லோரிடமும் உண்டு. பக்கத்துச் சந்தைகளின் விலையைக் காலையில் கேட்டு, எழுதி, எல்லா அங்கத்தினர்க்கும் அறிவிக்கும் வேலையைச் சங்கம் ஏற்றால் அக்கருவி முழுப்பயன் தரும்.

நாம் செய்யத்தக்கவை

இதுவரை கூறியவற்றிலிருந்து நம் சங்கங்களின் ஆலோசனைக்காகச் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கின்றேன்.

1. மோட்டாருக்கோ கருவிக்கோ கடன் கொடுக்கும்போது, அதை ஓட்டவும் பேணவும் கற்பிக்கும் ஏற்பாட்டையும் கடனோடு சேர்த்தே செய்யவேண்டும். பழகாத யந்திரம் விரைவில் பழுதாகும். பழுதான யந்திரத்தின் கடன் பழுதாகாமல் வட்டியோடு வளரும்.

2. ஒவ்வொரு கிராமத்திலும் இருவரையேனும் பயிற்சிக்கு அனுப்பவேண்டும். மத்திய சர்க்கார் 1963-இல் கொச்சியில் மீன்பிடிக் கப்பற்பயிற்சிக்கென ஒரு நிலையம் அமைத்து, 1968-இல் சென்னையிலும் கிளை நிறுவிற்று. படகு வாங்கப் பணம் கொடுப்பது போதாது, ஓட்டுநரும் யந்திரப் பணியாளரும் வேண்டும் என்று உணர்ந்ததன் பலன் அது. நம் பெண்மக்களையும் இப்பயிற்சியில் சேர்க்கவேண்டும். ஆண்கள் வெளியூர் வேலைக்குச் சென்ற வீடுகளில் மோட்டாரை நாள்தோறும் இயக்குபவர்கள் அவர்களே அன்றோ?

3. பியூஸ் கம்பி, வாஷர், பேரிங் முதலிய சில்லறைச் சாமான்களைச் சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரியில் வைத்து அடக்க விலைக்குக் கொடுக்கவேண்டும். சரியான பாகம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமையால்தான் இரும்பு ஆணியும் தடித்த கம்பியும் இடம்பிடிக்கின்றன.

4. ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் வேண்டும். என்று வாங்கியது, என்று பழுதானது, எது மாற்றப்பட்டது, எவ்வளவு செலவு என்று எழுதிவந்தால், எந்த யந்திரம் நமக்கேற்றது என்பதை வியாபாரியைக் கேளாமலே நாம் அறியலாம்.

5. மாதத் தவணை என்று ஒரே அளவில் கடனை வசூலிப்பதினும், விளைச்சல் விற்கும்போது ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும் மீனவர் சங்கங்களின் முறையை விதிகள் இடங்கொடுக்கும் அளவில் பின்பற்றலாமா என்று ஆலோசிக்கவேண்டும். ஆனால் விற்பனையும் சங்கத்தின் மூலம் நடந்தாலன்றி இம்முறை செல்லாது.

6. எல்லாவற்றிற்கும் யந்திரம் வேண்டும் என்பதில்லை. சின்னாற்று அணையிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பரிசலில் மீன்பிடிப்போர் நம் ஜில்லாவிலே உள்ளனர். பரிசல் வட்டமானது, அடிக்கட்டை இல்லாதது. அதன் ஓரத்தில் யந்திரத்தை மாட்டினால் முன்னே செல்லாமல் சுழலவே முற்படும். ஆழமற்ற நீருக்கும், ஒருவர் தலையிற் சுமந்து செல்வதற்கும் ஏற்ப அறிவாளிகள் வகுத்த கலம் அது. அவர்களுக்குச் சங்கம் முதலிற் செய்யவேண்டியது மிதவைச் சட்டையும், நனையாத உறையிலிட்ட கைப்பேசியும், பிடித்த மீனுக்குப் பனிக்கட்டியும் கிடைக்கும்படி செய்வதே. இவை மலிவானவை. உயிரையும் விலையையும் காப்பவை.

அன்பர்களே! யந்திரம் நல்லதா தீயதா என்று வாதிப்பதற்கு இனி அவகாசமில்லை. அது வந்துவிட்டது. அதை அறிந்து ஆளுபவர்கள் நாமா, அல்லது விற்பவனும் பழுதுபார்ப்பவனும் கடன் கொடுப்பவனுமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி. குமரிக்கரை மீனவர்கள் தனித்தனியே நின்றபோது யந்திரம் அவர்களைக் கடனாளியாக்கிற்று. சங்கமாகச் சேர்ந்து வாங்கி, சேர்ந்து கற்று, சேர்ந்து விற்றபோது அதே யந்திரம் அவர்களுக்கு உதவிற்று. கடலின் அலையைவிட நம் நிலம் கொடியதன்று. அவர்களால் இயன்றது நம்மாலும் இயலும். மேற்கூறிய ஆறு யோசனைகளுள் சில்லறைச் சாமான் அலமாரியும் நோட்டுப் புஸ்தகமும் அதிகப் பணம் வேண்டாதவை. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திலேயே இவ்விரண்டையும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றேன்.